நாற்பத்திரண்டு கட்டங்கள்

நான் கைதேர்ந்த நர்ஸ். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு வருஷம் நின்று தேய்ந்த கால்கள் இப்போது ஸ்கூட்டரில் ஓசூருக்கும் பர்கூருக்கும் நடுவே அலைகின்றன. நரம்பே கிடைக்காத கையில் ஊசி ஏற்ற இன்றைக்கும் என்னைத்தான் தேடுவார்கள். கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். தேனிப் பக்கத்துப் பேச்சு வேறு. நான் சாதாரணமாகச் சொல்வதையே இங்கே இருப்பவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குருபரப்பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் என் பெருமையில் பாதியை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் பாதிக்கு மேலேயே.

என் வேலை இதுதான். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்குச் சளியில் பொல்லாத கிருமி ஒன்று குடியேறிவிடும். மாத்திரைக்கு அது அசைந்து கொடுக்காது. இரண்டு வாரம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரத்தக்குழாய் வழியாக மருந்து போயாக வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினான்கு நாள் கிடக்கத் தேவையில்லை. வீட்டில் ஒழுங்காகச் செய்ய ஆள் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். அந்த ஆளைப் பழக்குவதும், கூட இருந்து பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு.

அந்தக் குருபரப்பள்ளி நோயாளி, பேரிகை என்ற ஊரிலிருந்து தக்காளியும் ரோஜாவும் ஏற்றிவரும் லோடு வண்டி ஓட்டியவர். வயது ஐம்பதுக்குள்தான். இளவயதில் வந்த காசநோய் குணமாகிவிட்டது, ஆனால் நுரையீரலைச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த வருஷத்தில் இரண்டு தடவை அட்மிட் ஆகியிருந்தார். இது மூன்றாவது. கட்டிலிலிருந்து வாசல் வரை நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மூச்சு களகளவென்று அடுத்த கட்டிலுக்குக் கேட்கும்.

அவர் மனைவி ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புப் பட்டியலில் பெயர் வர வேண்டுமென்றால் அந்த மாதம் ஒருநாள்கூட லீவு போடக் கூடாது. இந்தப் பக்கம் டாக்டர், இரண்டு வாரமும் வார்டிலேயே வைத்தால் கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். ஒரே மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். இவள் வேலையை விட்டால் அடுத்த மாதம் அடுப்பெரியாது. விடாவிட்டால் புருஷனுக்கு மருந்து போகாது.

"வீட்லயே போட்டுக்கலாம் சார், நான் பாத்துக்கிறேன்" என்று டாக்டரிடம் முந்திக்கொண்டு சொன்னது நான்தான். அவர் யோசித்தார். பத்தாவது வரை படித்த பெண், தகர ஷீட் போட்ட இரண்டு அறை வீடு, சர்வீஸ் ரோட்டுத் தூசி. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சரி என்றார். ஒரு வேளை தவறினாலும், ஒரு தடவை குளிர்காய்ச்சல் வந்தாலும் நேரே வார்டு. அப்புறம் பேச்சே கிடையாது.

மேல்கையில் மெல்லிய நீளக் குழாயை ஏற்றி, அலர்ஜி ஏதும் இல்லை என்று பார்த்து அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளை வார்டில் வைத்துப் பழக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. நர்சிங் படித்த பிள்ளைகளே மூன்று மாதம் தடுமாறும் வேலை, இவள் ஒருநாளில் என்ன செய்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

மருந்துப் பொடி இருக்கும் சின்ன பாட்டிலில் தண்ணீரை ஏற்றினால் உள்ளே நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும். சிரிஞ்சின் தண்டு தானாகப் பின்னால் வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். அவளும் முதல் தடவை பயந்தாள். இரண்டாவது தடவை "இதுக்கும் மூச்சு முட்டுதாக்கா?" என்று கேட்டுவிட்டு, வாயு வெளியேறும்வரை பொறுமையாகப் பிடித்திருந்தாள்.

குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை தேய்க்க வேண்டும். வார்டில் அஞ்சு எண்ணுவதற்குள் முடித்துவிடுகிறவர்களை நான் திட்டாத நாளில்லை. இவள் தெலுங்கில் எண்ணினாள். ஒக்கட்டி, ரெண்டு, மூடு என்று வாய்க்குள்ளேயே பதினைந்து வரை. ஒரு எண் குறையவில்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வீட்டில் முதல் வேளை. அவளுக்கு அந்த வாரம் ஏ ஷிப்ட், காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. கம்பெனி பஸ் ஐந்துக்கெல்லாம் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் விடிகாலை நாலரைக்கு அவள், பன்னிரண்டரைக்கு நான், இரவு எட்டரைக்கு அவள் என்று பிரித்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவளுக்கு பி ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து பத்து. அப்போது பன்னிரண்டரை அவளுக்கு, எட்டரை எனக்கு. முதல் இரண்டு நாள் அங்கேயே தங்கிக்கொண்டு, அவள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்குள் போனதும் கண்ணில் பட்டது மேசைக்கு அடியிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் பேசின். என்னவென்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி எட்டரைக்கு அவளோடு சேர்ந்து மருந்து கலக்கும்போது என் கையிலிருந்த பஞ்சு மேசை விளிம்பில் லேசாகப் பட்டுவிட்டது. பட்டதா இல்லையா என்று நானே யோசிப்பதற்குள் அவள் அதை என் கையிலிருந்து வாங்கிப் பேசினுக்குள் போட்டாள்.

"என்ஜிக்கா."

"என்னது?"

"நாட் குட்டு. ஆவாத பீஸு. எங்க லைன்ல எங்கனா தொட்டுட்டா செகப்பு டப்பாதான். யாரு தொட்டாலும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவள் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்குகிறாளே! ஆனால் அவள் செய்தது சரி. விரல் நகத்தளவு சில்லுகளைப் பலகையில் பொருத்துகிற வேலை அவளுடையது. தலையில் தொப்பி, கையில் உறை, மணிக்கட்டில் ஒயர் வைத்த பட்டை. தொடக் கூடாததைத் தொடாமல் இருப்பதை அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு புதுப் பஞ்சை எடுத்தேன்.

மருந்து போடும் நேரத்தில் ஃபேனை நிறுத்திவிடுவாள், தூசி பறக்கும் என்று. அவருக்கு வியர்த்துக் கொட்டும். "ஃபேனு ஃபேனு" என்று சிணுங்குவார். "அஞ்சு நிமிஷம், லைன் ஓடுது" என்பாள். மனிதர் அடங்கிவிடுவார். நான் சொன்னால் அடங்கியிருக்க மாட்டார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனைவிக்குச் சிரமம் என்றால் பொய் சொல்வார். நான்காம் நாள் குழாயைச் சுற்றியிருந்த ஒட்டுப்பட்டை அரிக்கிறது என்று ஓரத்தைச் சொறிந்துவிட்டு, மேலே ஒரு சாதா பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, கேட்டால் "அப்பவே அப்டிதான் இருந்துச்சு" என்றார். நல்லவேளை, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பட்டையை மாற்றிவிட்டு, அவர் காது கிழியும்படி கத்தினேன். அன்றிலிருந்து அவர் வார்த்தையை நான் நம்புவதில்லை.

ஒருவாரம் தவறாமல் போயிற்று. ஆனால் என் குறிப்புத் தாளில் ஏழு நாளுக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை புதுத் தாள் கொண்டுபோக மறந்துவிட்டேன். "நானே ஒண்ணு போட்டுடறேங்க்கா, கம்பெனி செக் ஷீட் மாதிரி" என்றாள். சரி, போடு என்றேன்.

அடுத்த நாள் திங்கள். பி ஷிப்ட் தொடங்கிவிட்டதால் அவள் மதிய மருந்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். எட்டரை மணி மருந்துக்கு நான் போனேன். சுவரில் புதுத் தாள் தொங்கியது. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பதினான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், மொத்தம் நாற்பத்திரண்டு. முதல் வாரத்தையும் திருப்பி எழுதி ஒவ்வொரு கட்டத்திலும் ஓகே, நேரம், கையெழுத்து. கீழே தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் என்று மூன்று பெட்டி. அழகுதான் என்று நினைத்துக்கொண்டே அன்றைய வரிசையைப் பார்த்தேன். திங்கட்கிழமை. பன்னிரண்டரைக்கு ஓகே. நாலரைக் கட்டம் காலி.

காலை மருந்து போகவில்லை. முந்தின ராத்திரி எட்டரைக்கு அப்புறம் மறுநாள் மதியம்தான் அடுத்த வேளை என்றால் பதினாறு மணி நேரம் வெறுமனே போயிருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வார்டு. அவள் வேலையும் போச்சு, அவளை நம்பலாம் என்று நான் சொன்ன சொல்லும் போச்சு.

"காலைல மருந்து போட்டாளாண்ணே?"

"போட்டாம்மா. நாலரைக்கு கரெக்டா போட்டா."

"பொய் சொல்லாதீக!"

"சத்தியமா போட்டா."

பிளாஸ்திரி ஒட்டிய மனிதர் சத்தியம் செய்தால் யார் நம்புவது? ஷிப்ட் மாறிய நாள், காலையில் பஸ் இல்லை, நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவள் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும். அவசரத்துக்கென்று காலண்டரில் லைன் லீடர் நம்பரை எழுதி வைத்திருந்தாள். அதை அழுத்தினேன். "பேஷண்ட் விஷயம், உடனே கூப்பிடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த ஆள் பதறிப்போய் அவளை லைனிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்.

"அக்கா! அவருக்கு என்னாச்சு?" என்றாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. நீ காலைல மருந்து போட்டியா இல்லையா? திங்கக்கெழமை நாலர காலியா இருக்கு."



"அது நாளைக்கு விடிகால போடறதுக்காவ வெச்ச கட்டங்க்கா. இன்னிக்கி விடிகால போட்டது ஞாயித்துக்கெழம வரிசைல இருக்குது பாருங்க. எங்களுக்கு நாளு காலைல ஆறு மணிக்குதான் மாறும். அதுவரிக்கும் முந்தின நாளு நைட்டு, சி ஷிப்ட் கணக்குதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேசின் பக்கத்துல கேன்ல காலி பாட்டில் இருக்குது, எண்ணிப் பாருங்க. இருவத்திரண்டு இருக்கணும்" என்றாள்.

தாளை மறுபடி பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரிசையின் கடைசிக் கட்டத்தில் நாலரை, ஓகே, கையெழுத்து. வரிசையின் முதல் கட்டமே பன்னிரண்டரைதான். அதையும் நான் கவனித்திருக்கவில்லை. கேனைக் கொட்டி எண்ணினேன். இருபத்திரண்டு.

"அக்கா, லைன் நின்னுடுச்சுக்கா. நான் போவட்டா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. எட்டரை மருந்துக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவி, ஃபேனை நிறுத்தி, பதினைந்து எண்ணித் தேய்த்து, மருந்தைக் கொடுத்து முடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சொன்னேனேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அவள் காண்ட்ராக்டின் கடைசி மாதம். ஒருநாள் லீவு போடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து ஓடுகிறாள். நான் போன் போட்டு லைனையே நிறுத்திவிட்டேன். காலி பாட்டிலை எண்ண இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிஷத்துக்கு என் கோபம் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆனாலும் மறுநாள் லைன் லீடரைக் கூப்பிட்டேன்.

"சார், நேத்து நடந்தது என் தப்பு. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

"மேடம், லைன் மூணு நிமிஷம் நின்னிருக்கு. ஏன் நின்னுச்சுனு நான் எழுதணும்."

"என் தப்புனு எழுதுங்க."

"நீங்க எங்க கம்பெனி ஆளு இல்லியே மேடம்!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். அவள் போட்ட தாளைப் பற்றியும், ஆறு மணிக்கு நாள் மாறுவதைப் பற்றியும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

அவளிடம் அன்று பன்னிரண்டரைக்கே நேரில் போய் நின்றேன். என் முறை இல்லை. அவள் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். "நேத்து நான் செஞ்சது என்ஜி" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, செகப்பு பேசின்ல நீங்க கொள்ள மாட்டீங்க" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்தால் இருமல் வந்து பத்து நிமிஷம் ஓயாத மனிதருக்கு அன்று இரண்டே இருமலோடு நின்றது. மூன்று பேருமே அதைக் கவனித்தோம்.

இரண்டாவது வாரம் முழுக்க எனக்கு இரண்டு கவலை. ஒன்று மருந்து, இன்னொன்று பட்டியல். மருந்து சொன்ன பேச்சைக் கேட்டது. பச்சையாக வந்த சளி வெளுத்தது, அளவும் குறைந்தது. வியாழக்கிழமையிலிருந்து ஒருமணி பஸ்ஸுக்கு அவளோடு சர்வீஸ் ரோடு வரை நடக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுப் பையை அவர்தான் தூக்கிக்கொள்வாராம். முதல்நாள் இரண்டு இடத்தில் நின்று நின்று போனாராம். சனிக்கிழமை நிற்காமலே போய்வந்திருக்கிறார். ஊருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அதைக் கேட்டபோது தலைகால் புரியவில்லை.

கடைசி வேளை திங்கட்கிழமை விடிகாலை நாலரை. என் கணக்கில் அது பதினைந்தாம் நாளில் ஒட்டிக்கொண்டு தனியாக ஒரு கட்டம் நிற்கும். அவள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையோடு பதினான்கு வரிசையும் பிசிறில்லாமல் நிறைந்திருந்தன.

காலை ஒன்பது மணிக்குப் போய்க் குழாயை எடுத்தேன். நுனிவரை முழுசாக வந்தது. தோலில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. பதினான்கு நாளில் ஒருநாள்கூடக் காய்ச்சல் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வார்டிலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. நான் வேலை பார்த்த வார்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளுக்கு அன்று ராத்திரிதான் சி ஷிப்ட். வீட்டில் இருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"லிஸ்ட் என்னாச்சு?"

"சனிக்கெழம போட்டாங்கக்கா. பேரு இருக்குது."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். லைன் நின்றதற்கு என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். "வெளிக் காரணம்னு எழுதினாங்களாம்" என்றாள். அந்த வெளிக் காரணம் நான்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெயர்களில் அதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சுவரிலிருந்து தாளைக் கழற்றினேன். தயாரித்தவர் பெட்டியில் அவள் கையெழுத்து இருந்தது. சரிபார்த்தவர் பெட்டியில் நான் போட்டேன். சரியாகப் பார்க்காதவள்தான், என்றாலும் போட்டேன். ஒப்புதல் காலியாக இருந்தது.

"குடு, டாக்டர்கிட்ட வாங்கிட்டு வர்றேன்."

"வேணாங்க்கா. இதுக்கு டாக்டர் இல்ல." தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு புருஷனிடம் போனாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் திரும்பு. ஃபைனல் செக்கிங்" என்று சொல்லி அவர் முதுகில் காதை வைத்தாள். "மூச்ச இழு. இன்னும் இழு. உடு."

நான் பையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து வரை எண்ணினாள். பிறகு நிமிர்ந்து பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.

"ஓகே. நீதான் போடணும்."

அவர் தாளை மடியில் வைத்து, நாற்பத்திரண்டு கட்டத்தையும் மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒப்புதல் என்ற பெட்டியில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார். எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது, மறைக்கவில்லை. அந்தத் தாளைத்தான் இப்போதும் என் நோயாளிகள் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். அதில் நாள் காலை ஆறு மணிக்குத்தான் மாறும். டாக்டர் கையெழுத்துக்கு இடம் கிடையாது.